சேர்த்துக்கட்டு

என் தம்பியை வெட்டியவனுக்கு நான் ஏழு நாள் சோறு பொங்கிப் போட்டேன். வெறும் சோறு இல்லை. ஆட்டு ஈரல், நாட்டுக்கோழி முட்டை, முருங்கைக்கீரைப் பொரியல், சீலா மீன் குழம்பு. ஒரு நாள் ஊட்டியும் விட்டேன். அவன் வாய்க்குள் கவளத்தைத் திணிக்கும்போது, பல்லையும் சேர்த்து உள்ளே தள்ளிவிடலாமா என்று கை துடித்தது.

என் பெயர் பிரமசக்தி. தூத்துக்குடித் துறைமுகச் சாலையில் லாரிக்காரர்களுக்குச் சோறு போடும் மெஸ் வைத்திருக்கிறேன். எனக்கு நாக்கு நீளம் என்பார்கள். கையும் நீளம்தான், அதைச் சொல்லப் பயப்படுவார்கள். தம்பி இசக்கிராசுக்கு ஒன்பது வயதில் எங்கள் அம்மா போய்ச் சேர்ந்தாள். அன்றிலிருந்து அவனுக்கு அக்காவும் நான்தான், ஆத்தாளும் நான்தான். கட்டின புருசன், "ஒன் தம்பியையும் சேத்து வச்சி நான் சொமக்க முடியுமா?" என்று கேட்டான். முடியாதென்றால் போய்யா என்று அனுப்பிவிட்டேன்.

ராசு வளர்ந்து தண்ணீர் லாரி ஓட்டினான். இப்போது கடல் தண்ணீரைக் காய்ச்சித்தானே ஊரே குடிக்கிறது. அதைக் காய்ச்சும் ஆலை வாசலில் நாற்பது ஐம்பது லாரிகள் வரிசைகட்டி நிற்கும். ஒரு காலையில் வண்டிமலையான் என்கிற இன்னொரு டிரைவர் தன் லாரியை வரிசையின் நடுவில் நுழைத்தான். ராசு இறங்கிப் போய் அவனுடைய அம்மாவைச் சேர்த்து ஒரு வார்த்தை சொன்னான். நான் மறைக்க மாட்டேன், சொல்லக்கூடாத வார்த்தைதான். அதற்கு ஒரு வார்த்தையைத் திருப்பிச் சொல்லியிருக்கலாம், கன்னத்தில் ஒன்று வைத்திருக்கலாம். அந்தக் கட்டையில் போவான் சீட்டுக்கு அடியிலிருந்து அரிவாளை எடுத்தான். தோளில் ஒரு வெட்டு, கழுத்தோரம் ஒரு வெட்டு, குனிந்தபோது விலாவில் ஒரு வெட்டு. தண்ணீர் பிடிக்க வந்த இடத்தில் ரத்தத்தைக் குடம் குடமாகக் கொட்டினான் என் தம்பி.

நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவனைத் தைத்து முடித்திருந்தார்கள். கழுத்தில் ஓட்டை போட்டு மூச்சுக்குழாய் செருகியிருந்தது. உடம்பு சுண்ணாம்பு அடித்தது போல வெளுத்திருந்தது. டாக்டர் ஹெப்சிபா என்று ஒரு அம்மாள். என்னையும் என் தாய்மாமன் சொள்ளமுத்துவையும் தன் அறைக்குக் கூப்பிட்டாள்.

"தையல் எல்லாம் போட்டாச்சி. ஆனா அது பத்தாது. ஒடம்புல ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் குட்டி குட்டி அடுப்பு இருக்கும்மா. அந்த அடுப்பு எரிஞ்சாத்தான் செல்லுக்குத் தெம்பு. தம்பிக்கு அது வரிசையா அணைஞ்சிக்கிட்டு வருது."

"அதுக்கு என்ன செய்யணும்?"

"அணையப் போற செல்லு சும்மா சாகாது. தலைமுடிய விடப் பல மடங்கு மெல்லிசா ஒரு குழாய முளைக்க விடும். அது பக்கத்துச் செல்லைப் போய்த் தொடும். நல்லா இருக்க செல்லு அந்தக் குழாய் வழியா தன்னோட அடுப்புல ரெண்டை அனுப்பிவைக்கும்."

"சும்மாவா அனுப்பும்?" என்று கேட்டார் மாமா.

"சும்மாதான். மனுசன் மாதிரி இல்ல அது."

நம் உடம்புக்குள் காலம் காலமாக நடப்பதுதானாம் இது. இப்போது ஒரு களிம்பு வந்திருக்கிறது. இரண்டு பேருடைய முன்கையில் மேல்தோலைச் சீவி, அந்தக் களிம்பைத் தடவி, கையோடு கையைச் சேர்த்துக் கட்டிவிட்டால் ஒருவர் உடம்பிலிருந்து இன்னொருவர் உடம்புக்கே அந்தக் குழாய்கள் லட்சக்கணக்கில் முளைத்துவிடும். அது வந்த கையோடு சட்டமும் வந்தது: காயப்படுத்தினவன் எவனோ அவன்தான் தன் உடம்பிலிருந்து கொடுத்துக் காயத்தை ஆற்ற வேண்டும். பதினோரு நாள். அதற்குப் பிறகு ஜெயில். அரசாங்கக் காகிதத்தில் அதற்கு ஒரு முழ நீளத்தில் பெயர் இருக்கிறது. எங்கள் ஊரில் சேர்த்துக்கட்டு என்போம்.

"சட்டப்படி வெட்டுனவன் குடுக்கணும்," என்றாள் டாக்டரம்மா. "ஆனா ஒண்ணு சொல்லுதேன். இந்த அடுப்பு அம்மா வழியா மட்டும்தான் வரும். ஒங்க அம்மாவுக்கு எதுவோ, அதேதான் ஒங்களுக்கு, தம்பிக்கு, தாய்மாமாவுக்கு. நீங்க ரெண்டு பேருல யாராவது கை குடுத்தா ஒடம்பு இன்னும் நல்லா ஏத்துக்கிடும். ஒரு மனு எழுதிக் குடுத்தாப் போதும்."

மாமா எழுந்தேவிட்டார். "நல்ல நாயம்! வெட்டுன பய குத்துக்கல்லாட்டம் இருக்கான். அவன ஜெயில்ல ஒக்காத்தி வச்சி களி போடுவிய, எங்க ஒடம்புலேருந்து உருவுவியளோ?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அவன் ஒடம்புலேருந்தே உறிஞ்சுங்க டாக்டரம்மா. சக்கையாக்கிப் போடுங்க அந்த நாய." இது நான் சொன்னது. மாமா மேல் மட்டும் பழியைப் போட எனக்கு யோக்கியதை கிடையாது.

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தாள். "சரி. அப்போ அவனுக்கு நீங்கதான் நல்ல சாப்பாடு குடுக்கணும். ஆஸ்பத்திரிச் சாப்பாடு காணாது. அவன் தெம்பா இருந்தாத்தான் தம்பிக்குப் போவும். இன்னொண்ணு. அவன் மேல ஒரு கீறல் விழக்கூடாது. வெளங்குதா?"

ஏன் என்று நான் கேட்கவில்லை. போலீஸ் கேசுக்குப் பயந்து சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்படித்தான் நான் சமைக்க ஆரம்பித்தேன். ஒரே அறையில் இரண்டு கட்டில் ஒட்டிப் போட்டிருக்கும். ராசுவின் வலது கையும் வண்டிமலையின் இடது கையும் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை சேர்ந்து ஒரே கட்டுக்குள் இருக்கும். விரல்கள் மட்டும் வெளியே தெரியும். வண்டிமலையின் கால் இரண்டும் கட்டிலோடு விலங்கு. வாசலில் முப்பிடாதி ஏட்டு காவல். அவர் எங்கள் அம்மா பிறந்த ஊர்க்காரர்.

முதல் நாள் நான் தூக்குச்சட்டியைத் திறந்து வைத்ததும் வண்டிமலை முகத்தைத் திருப்பிக்கொண்டான். இருபத்தெட்டு வயது இருக்கும். கறுத்து, உரம் பாய்ந்த உடம்பு.

"நீங்க போடுத சோறு எனக்கு எறங்க மாட்டேங்குக்கா."

"எவம்ல ஒனக்கு அக்கா? எறங்காட்டா ஒலக்கைய வச்சி எறக்குவேன். தின்னுல!"

தின்றான். நான் எண்ணி எண்ணிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவன் தின்னும் ஒவ்வொரு முட்டையும் ராசுவுக்குப் போகிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். நாலாம் நாள் ராசு கண் திறந்தான். உதட்டில் ரத்த ஓட்டம் தெரிந்தது. விலாவில் இருந்த வெட்டு வாய்மூடிக்கொண்டது. அந்தப் பக்கம் வண்டிமலைக்குக் கன்னம் ஒட்டிப்போய்க் கண் உள்ளே போயிருந்தது. எனக்கு வந்த சந்தோசத்தை எங்கே போய்ச் சொல்ல! சுடலைமாடனுக்குக் கிடா நேர்ந்துகொண்டேன்.

ஐந்தாம் நாள் டாக்டரம்மா ராசுவின் பக்கத்தில் உட்கார்ந்து அவன் காதோடு நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தாள். அவனால் பேச முடியாது, எழுதவும் முடியாது. வலது கை கட்டுக்குள், இடது தோளில் வெட்டு. உள்ளங்கையை மட்டும் அசைப்பான். கண்ணை மூடித் திறந்து கேட்டுக்கொண்டான். அன்றைக்கு நான் வண்டிமலைக்குச் சோறு வைக்கும்போது ராசு கண்ணாலேயே இன்னொரு முட்டையைக் காட்டினான். அவனுக்கு வை என்கிறான்.

"ஒனக்கென்ன கோட்டியால?" என்று சிரித்தேன். "வெட்டுனவனுக்கு வக்காலத்தோ?"

ராசு சிரிக்கவில்லை. நான்தான் கவனிக்கவில்லை.

ஏழாம் நாள் வியாழக்கிழமை, பார்வையாளர் நேரத்தில் மாமா வந்தார். தனியாக வரவில்லை. பெரியப்பா மக்கள் மூன்று பேர், சித்தப்பா, அத்தை, அவள் மருமகன்கள் என்று மொத்தம் ஒன்பது பேர். கோயில் கொடைக்குப் போகிறவர்கள் மாதிரி குளித்து நெற்றியில் திருநீறு பூசி வந்திருந்தார்கள்.

எங்கள் சொக்காரர், சொந்தபந்தத்துக்குள் ஒரு முறை உண்டு. வீட்டுப் பிள்ளையை ஒருவன் கைவைத்துவிட்டால், கேசு கோர்ட்டு எல்லாம் அது பாட்டுக்கு. அது தவிர ஆளுக்கு ஒரு அடியாவது அவன் மேல் விழ வேண்டும். ஆயுதம் கூடாது. ஒரு அடிக்கு மேல் கூடாது. முதல் அடி தாய்மாமனுக்கு. காதுகுத்துக்கும் தாய்மாமன் மடி, கைகலப்புக்கும் தாய்மாமன் கை. அது நடக்காத வீட்டுக்காரன் கொடையில் தலைநிமிர்ந்து நிற்க முடியாது. "வெட்டுப்பட்டவன் வீட்டுல ஆளே இல்லியா?" என்று கேட்டுவிடுவார்கள். கேட்டும்விட்டார்களாம், டீக்கடையில் வைத்து, மாமாவை.

"புள்ள தேறிட்டான்," என்றார் மாமா. "இனி என்ன? அவன ஜெயிலுக்குக் கொண்டு போயிட்டா நம்ம கைக்கு எட்டுவானா?"

"டாக்டரம்மா கீறல் விழக்கூடாதுன்னு சொல்லிருக்கா மாமா."

"நாம என்ன அரிவாளா தூக்கப் போறம்? ஆளுக்கு ஒரு அடி. ஒரு அறைக்கு எவனும் செத்துருவானா? நீ என்ன தாயி, சோறு போட்டுப் போட்டு அவன்மேல ஒனக்குப் பாசம் வந்துருச்சோ?"

அந்த ஒரு சொல் போதும் எனக்கு. அது என் உச்சந்தலையில் போய் ஏறிவிட்டது. முப்பிடாதி ஏட்டு தொப்பியை எடுத்துத் துடைத்தார். "நான் ஒரு டீ குடிச்சிட்டு வாரேன். சத்தம் வெளிய வரக்கூடாது, பாத்துக்கிடுங்க," என்று போய்விட்டார்.

மாமாவின் கை சும்மா கை இல்லை. முப்பது வருசம் உப்பு மூட்டை தூக்கிக் காய்த்த கை. அவர் கையை ஓங்கி இறக்கியதில் வண்டிமலையின் மூக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ரத்தம் உதட்டுக்கு வந்து, தாடைக்கு வந்து, சட்டையில் சொட்டியது. அவன் வலது கையால் முகத்தை மறைத்தான். பெரியப்பாவின் மூத்த மகன் அந்தக் கையைப் பிடித்து இழுத்து மடக்கி, விலாவில் முழங்காலால் ஒன்று விட்டான். எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. அடுத்தவன் அடிவயிற்றில் குத்தினான். சித்தப்பா பிடரியில் அறைந்தார். அத்தை செருப்பைக் கழற்றி, "எங்க வீட்டுப் புள்ளையாலே ஒனக்குக் கெடைச்சான், சவத்து மூதி!" என்று வாயிலேயே போட்டாள். ஆளுக்கு ஒன்றுதான். முறை தப்பவில்லை. ஆனால் யாரும் லேசாகவும் அடிக்கவில்லை. கிடைத்திருப்பது ஒரே அடி என்றால் எவன் கையைச் சுருக்குவான்?

அப்போதுதான் டங் டங் என்று சத்தம். ராசு இடது உள்ளங்கையால் கட்டில் கம்பியைத் தட்டிக்கொண்டிருந்தான். கண் இரண்டும் அகல விரிந்து என்னையே பார்த்தன.

"பாத்தியளா, மருமவன் தாளம் போடுதான்!" என்று மாமா சிரித்தார். "அவனுக்கு உள்ள குளுகுளுன்னு இருக்கு. ஏட்டி பிரமு, கடைசி அடி ஒன்னோடதுதான். தம்பி கேக்கான் பாரு, போடு!"

என் கையில் தூக்குச்சட்டி இருந்தது. எவர்சில்வர், அடுக்கு நாலு, சோறும் குழம்புமாய் நிறைந்தது. ராசு இன்னும் வேகமாகத் தட்டினான். டங் டங் டங். நான் சட்டியைத் தலைக்கு மேலே தூக்கி வண்டிமலையின் கன்னத்தில் இறக்கினேன். கன்னத்து எலும்பு முறுக்கு ஒடிகிற மாதிரி ஒடிந்தது. குழம்பும் ரத்தமும் சுவரெல்லாம் தெறித்தன. வாயைத் திறந்து சொல்கிறேன், அந்த நொடியில் எனக்கு அவ்வளவு சுகமாக இருந்தது.

தட்டுகிற சத்தம் நின்றது. நாம் முடித்துவிட்டோம், அதனால் நிறுத்திவிட்டான் என்று நினைத்தேன்.

திரும்பிப் பார்த்தால் ராசுவின் உதடு நீலமாக இருந்தது. மூச்சுக்குழாய் விசில் அடிப்பது போல ஊதியது. மூடியிருந்த விலாக் காயம் வாய் பிளந்துகொண்டிருந்தது. என் கண் முன்னாலேயே, தையலுக்கு நடுவில், ரத்தம் துளித் துளியாக எட்டிப் பார்த்தது. நான் போட்ட கூச்சலில் டாக்டரம்மா ஓடிவந்தாள். வண்டிமலையின் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"யாரு அடிச்சது?" என்று அலறினாள். "படிச்சிப் படிச்சிச் சொன்னேனே! குடுக்கவன் இவன், வாங்குதவன் அவன்னு அந்தக் குழாய்க்கு எழுதியா வச்சிருக்கு? யாருக்கு நோவு அதிகமோ அவன் பக்கம் பாயும். இவ்வளவு நாளும் ஒங்க தம்பிக்கு அதிகம். இப்போ இவனுக்கு! நீங்களே திருப்பி விட்டுட்டிய!"

"அப்போ அறுத்து விடுங்க!" என்றார் மாமா.

"என் கையக் கட்டுங்க டாக்டரம்மா! எங்கம்மா அடுப்புன்னு சொன்னியள்ளா, எடுங்க, எம்புட்டு வேணும்னாலும் எடுங்க!" நான் சேலையைச் சுருட்டிக் கையை நீட்டிக்கொண்டு நின்றேன்.

"குழாய் முளைக்க ஒரு முழு நாள் ஆகும். அவனுக்கு ஒரு மணி நேரங்கூட இல்லம்மா."

வண்டிமலை உடைந்த வாயோடு அழுதான். "எக்கா, நான் எடுக்கலக்கா. அதுவா வருது. எனக்கு நிறுத்தத் தெரியலியே..."

அந்தக் கட்டிலிலேயே வைத்து அறுத்தார்கள். மயக்க மருந்து வண்டிமலைக்குக் கொடுத்தால் அது ராசுவுக்கும் பாயும், அவன் மூச்சு நின்றுவிடும் என்று கொடுக்கவில்லை. ஒட்டிய தோலைக் கத்தி பிரிக்கப் பிரிக்க வண்டிமலை போட்ட ஓலத்தில் ஆஸ்பத்திரியே வாசலில் கூடியது. ராசு ஓலம் போடவில்லை. அவனுக்குத்தான் குரல் இல்லையே. கடைசிக் கட்டைப் பிரிப்பதற்குள் என் தம்பி செத்துப்போனான். இருபத்தாறு வயது.

இன்ஸ்பெக்டர் வந்தார். மாமா நல்ல அழுகையோடு முன்னால் போய் நின்றார். "அந்தப் பாவி தானாவே கம்பில முட்டிக்கிட்டான்யா. அப்படி முட்டுனா எம்மருமவன் உசுரு அவனுக்குப் போவும்னு தெரிஞ்சே செஞ்சான்." சுற்றி நின்ற எட்டுப் பேரும் ஆமாம் என்றார்கள். டீ குடித்துவிட்டு வந்த முப்பிடாதி ஏட்டும் ஆமாம் என்றார். சட்டத்தில் அதற்கென்று ஒரு பிரிவு உண்டு. கொடுக்க வேண்டியவன் தன்னைத்தானே காயப்படுத்தி எதிராளி உயிரை இழுத்தால் தூக்கு.

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். நான் நசுங்கின தூக்குச்சட்டியை அவர் முன்னால் வைத்தேன்.

"அவன் முட்டல. நாங்கதான் அடிச்சோம். மொத அடி எங்க மாமா. கடைசி அடி நான்."

மாமா அன்று சாயங்காலமே ஊரை விட்டு ஓடிவிட்டார், மற்றவர்களும் திசைக்கு ஒருவராக. மாஜிஸ்திரேட் என்னைப் பார்த்து, இப்படியும் ஒரு சத்தியவதியா என்று தலையை ஆட்டிக்கொண்டே தீர்ப்பு எழுதினார். வண்டிமலைக்குக் காயம் உண்டாக்கினவள் நான். ஆகவே நான்தான் கொடுக்க வேண்டும். தம்பியை அடக்கம் பண்ணின மறுநாள் என் கையை அவன் வலது கையோடு சேர்த்துக் கட்டினார்கள். ஊரெல்லாம் என்னைப் பற்றித்தான் பேச்சு. "என்ன இருந்தாலும் பிரமசக்தி மனசு யாருக்கு வரும்!"

மனசாவது மண்ணாங்கட்டியாவது! கோர்ட்டு எந்தக் காலத்தில் தூக்குப் போட்டு எந்தக் காலத்தில் அவன் சாவது? அப்பீல் என்பான், கருணை மனு என்பான், அதற்குள் எனக்கே தலை நரைத்துவிடும். டாக்டரம்மா அலறினாளே, யாருக்கு நோவு அதிகமோ அவன் பக்கம் பாயும் என்று, அதை நான் அப்போதே பிடித்துக்கொண்டேன். அவனுக்குப் பக்கத்தில் படுத்துப் பட்டினி கிடந்தால் போதும். அடி இல்லை, கீறல் இல்லை, எந்தப் பிரிவிலும் குற்றம் இல்லை. என் உடம்பு காய்ந்தால் அவன் உடம்பிலிருந்து உருவும். அதற்காகத்தான் உண்மையைச் சொன்னேன்.

கட்டுப்போடும்போது டாக்டரம்மாவிடம் ஒன்று மட்டும் கேட்டேன். "ராசுகிட்டேருந்து போனது எல்லாம் இவனுக்குள்ளதான இருக்கு? அப்போ என் தம்பி இவனுக்குள்ள இருக்கானா?"

"இல்லம்மா. ஒரு வீட்டு அடுப்புக் கங்க எடுத்து அடுத்த வீட்டு அடுப்பப் பத்தவைக்கோம். அந்த வீட்டு ஆளு அந்தக் கங்குக்குள்ள இருப்பானா?"

நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன். அவனுக்குள் ராசு இல்லை. கை கூசத் தேவையில்லை.

சோற்றை என்ன செய்வது? நர்ஸ் வந்து தட்டு காலியா என்று பார்ப்பாளே. அதற்கும் வழி இருந்தது. என் கட்டில் ஜன்னலோரம். தட்டை அப்படியே ஜன்னல் திட்டில் வைத்துவிடுவேன். "செத்தவனுக்குப் படைக்கேன் சிஸ்டர். காக்கா எடுத்தாத்தான் எனக்கு எறங்கும். நீங்க போங்க, மிச்சத்த நான் தின்னுக்கிடுதேன்," என்பேன். தம்பியைப் பறிகொடுத்தவளிடம் காக்காவுக்கு வைக்காதே என்று எந்த நர்ஸ் சொல்லுவாள்? அவளே கண்ணைத் துடைத்துக்கொண்டு போவாள். ஐந்து நிமிடத்தில் பத்துக் காக்கா வந்து தட்டைத் துடைத்துவிடும். தண்ணீரை மட்டும் ஒரு மடக்கு, இரண்டு மடக்கு குடித்தேன்.

முதல் இரண்டு நாள் ஒன்றும் தெரியவில்லை. குடலைப் பிடுங்குகிற பசிதான். மூன்றாம் நாள் கட்டுக்குள் இளஞ்சூடாக ஏதோ ஊறுவது போல இருந்தது. அது மெல்ல மெல்லத் தோள் வரைக்கும் ஏறியது. கண் இருட்டு விலகியது. நான் திரும்பிப் பார்த்தேன். வண்டிமலையின் கன்னத்துத் தையலில் மறுபடி நீர் கசிந்தது. அவன் முகம் மண் நிறத்துக்குப் போயிருந்தது. வாடா வா என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். எங்கம்மா கங்கு ஒவ்வொன்றையும் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சாவு.

ஐந்தாம் நாள் காலை தட்டில் சாம்பார் சாதமும் இரண்டு முட்டையும் வந்தன. வழக்கம் போல ஜன்னல் திட்டில் வைத்தேன்.

"எக்கா."

நான் தட்டை இன்னும் கொஞ்சம் வெளியே தள்ளினேன்.

"நீங்க ஒரு பருக்க கூடத் திங்கல. எனக்குத் தெரியும். டாக்டரம்மாகிட்ட சொல்ல மாட்டேன்."

"சொல்லேம்ல. யாரு வேண்டாம்னது?"

"சொல்ல மாட்டேன். நான் வெட்டுனவன். எனக்கு இதுதான் வரணும்." மூச்சு வாங்கினான். "ஒங்ககிட்ட ஒண்ண மட்டும் சொல்லிருதேன். அன்னைக்கு ராசு கம்பியத் தட்டுனாம்லா? அது தாளம் இல்லக்கா."

"வாய மூடு."

"மொத அடியிலயே அவனுக்கு மூச்சு முட்டிருச்சி. எனக்குத் தெரிஞ்சிது, கை ஒண்ணாத்தான கெடந்துச்சி. கட்டுக்கு வெளிய இருந்த வெரலால என் கையப் பிடிச்சிக்கிட்டான். என்னையத் தம் பக்கமா இழுத்தான்க்கா. அடி எம்மேல விழாம மறைக்கப் பாத்தான். நிறுத்துங்க நிறுத்துங்கன்னுதான் தட்டுனான். நீங்க சட்டியத் தூக்கும்போது ஒங்களப் பாத்துத்தான் தட்டுனான்."

"பொய் சொல்லுத!"

அவன் இடது கையை என் பக்கம் தூக்கிக் காட்டினான். முன்கையெல்லாம் கட்டு. புறங்கையில் கட்டு இல்லை. அங்கே நாலு நகக்குறி, பிறை பிறையாக, ஆழப் பதிந்து கறுத்திருந்தன. எலும்புக்கூடாகக் கிடந்த என் தம்பி, ஒரு டம்ளரைத் தூக்கத் தெம்பில்லாதவன், அத்தனை பலத்தையும் திரட்டி அப்படிப் பிடித்திருக்கிறான்.

ராசு படுத்திருந்த ஐந்தாம் நாள் டாக்டரம்மா அவன் காதோடு சொன்னது, நோவு கூடின பக்கம் பாயும் என்பதைத்தான். அவனுக்குத் தெரிந்திருந்தது. இன்னொரு முட்டை வை என்று அவன் கண்ணைக் காட்டியபோதே தெரிந்திருந்தது. ஒன்பது பேர் அடித்தும் அவன் உயிரோடுதான் இருந்தான், தட்டிக்கொண்டுதான் இருந்தான், என்னைப் பார்த்து. மற்றவர்கள் நிறுத்தாவிட்டாலும் அக்கா நிறுத்துவாள் என்று நினைத்திருப்பான். ஒன்பது வயதிலிருந்து அவன் வாயைத் திறக்கும் முன்னே அவனுக்கு என்ன வேண்டும் என்று தெரிந்தவள் நான். அடிப்பாவி, அன்றைக்கு மட்டும் உனக்குத் தெரியாமல் போயிற்றா என்று தலையில் தலையில் அடித்துக்கொண்டேன். கட்டாத கையால் எவ்வளவு அடித்துக்கொள்ள முடியுமோ அவ்வளவு.

"அடிச்சிக்கிடாதீங்கக்கா," என்றான் வண்டிமலை மெதுவாக. "அதுவும் எங்கிட்டேருந்துதான் போவும்."

கை நின்றது.

அவனை எனக்குப் பிடிக்கவில்லை. இன்றைக்கும் பிடிக்கவில்லை. அவன் அரிவாளை எடுக்காமல் இருந்திருந்தால் என் தம்பி இன்றைக்கு லாரி ஓட்டிக்கொண்டிருப்பான். அதை அவன் நூறு வருசம் அழுதாலும் மாற்ற முடியாது. ஆனால் சாகும் நேரத்தில் ராசு என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டான். நிறுத்து என்று கேட்டான். நான் நிறுத்தவில்லை. அவனைப் புதைத்துவிட்டு வந்தும் நிறுத்தவில்லை. இதோ ஐந்து நாளாகப் படுத்துக்கொண்டே அடித்துக்கொண்டிருக்கிறேன்.

ஜன்னல் திட்டில் முதல் காக்கா வந்து உட்கார்ந்தது. தலையைச் சாய்த்து முட்டையைப் பார்த்தது.

"சூ! போ!" என்று கத்தித் தட்டை உள்ளே இழுத்தேன்.

கட்டாத கையால் அள்ளி வாயில் போட்டேன். ஐந்து நாள் காய்ந்த தொண்டைக்குள் சோறு முள்ளாகக் குத்தியது. குமட்டியது. கண்ணீரும் மூக்குமாக வழிந்தது. விழுங்கினேன். முட்டையை அப்படியே முழுசாகத் திணித்துக்கொண்டு மென்றேன். வண்டிமலை திரும்பிப் படுத்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னலே பாக்க? ஒனக்காவத் திங்கல. சாவாமக் கெட."

நர்ஸ் உள்ளே வந்து வாசலிலேயே நின்றுவிட்டாள். "என்னக்கா, இன்னைக்குக் காக்காவுக்கு வைக்கலியா?"

"இல்ல," என்றேன் வாய் நிறையச் சோற்றோடு. "இன்னுங் கொஞ்சம் சோறு கொண்டாங்க சிஸ்டர்."